படித்துக் காட்ட ஒருவர் வேண்டும்

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர், பெருங்களத்தூர், மேடவாக்கம் வட்டாரக் கிளை நூலகங்களின் வாசகர் வட்டத்தாருக்கு,



நூலக வார விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் போடும் நேரம் வந்துவிட்டது. நவம்பர் 14 முதல் 20 வரை என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு நாள் ஓவியப் போட்டி, ஒரு நாள் குறள் ஒப்பித்தல், ஒரு நாள் பட்டிமன்றம். நிறைவு நாளில் சிறப்பு விருந்தினர், பொன்னாடை, புரவலர்களுக்குப் பாராட்டு, மிக்சர், காபி. மறுநாள் காலையில் நூலகம் பழையபடி நாளிதழ் மேசைக்கும் போட்டித் தேர்வு நாற்காலிகளுக்கும் திரும்பிவிடும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. மிக்சர் தட்டை நீட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் இந்த ஆண்டு விழா வாரத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி, மாதம் ஒரு ஞாயிறு வீதம் ஆறு மாதம், நம் கிளை நூலகங்களில் லத்தீன் அமெரிக்க இலக்கியத்தை வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

'நம்ம ஊர் எழுத்தாளரைப் படிக்கவே ஆள் இல்லை, இதில் கொலம்பியாவா?' என்று சென்ற கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஐப்பசி அடைமழை. நூலகத்தில் மின்சாரம் போய்விட்டது. நாளிதழின் எழுத்து தெரியாத இருட்டு. வெளியே போகவும் வழியில்லை. உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தோம். ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் மூன்று பிள்ளைகள், மழைக்கு ஒதுங்கிய கீரைக்கார அம்மா ஒருவர், அவர் பேத்தி. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு என்னிடம் இருந்த புத்தகத்தைப் படிக்கிறேன் என்று சொல்லி, கைப்பேசி வெளிச்சத்தில் கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலில் வரும் மழைப் பகுதியைப் படித்தேன். மக்கொந்தோ என்ற ஊரில் நான்கு ஆண்டு, பதினொரு மாதம், இரண்டு நாள் விடாமல் மழை பெய்கிறது. காற்றிலேயே அவ்வளவு ஈரம். மீன்கள் கதவு வழியே நீந்தி வந்து ஜன்னல் வழியே போய்விடலாம் போல இருக்கிறது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். இந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. கீரைக்கார அம்மாதான் முதலில் பேசினார். "வந்துச்சே. முடிச்சூர்ல எங்க வீட்டுக்குள்ள கெண்டை மீன் வந்துச்சு. கட்டிலுக்கு அடியில துள்ளுச்சு."

2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் பெய்த மழை, மறுநாள் காலைக் கணக்கில் 49 சென்டிமீட்டர். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடிக்கு ஏறியவர்கள் படகு வரும்வரை இறங்கவில்லை. எங்கள் உறவினர் வீட்டுச் சுவரில் இன்றும் பென்சில் கோடு ஒன்று இருக்கிறது. பக்கத்தில் '2.12.15' என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு முறை வெள்ளையடித்தும் அந்த ஓரடி இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடித்தார்கள். விமர்சகர்கள் மாய யதார்த்தம் என்று பெயர் வைத்திருக்கும் சங்கதி அந்த அம்மாவுக்கு வெறும் யதார்த்தம். மின்சாரம் வந்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை என்பதை மட்டும் சொல்லி, விஷயத்துக்கு வருகிறேன்.

புத்தகங்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1980களில் ஊட்டியிலிருந்து பிரம்மராஜன் நடத்திய 'மீட்சி'யில் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹேஸ் வந்தார். கோவில்பட்டியிலிருந்து கோணங்கி 'கல்குதிரை'யில் மார்க்வெஸுக்கென்றே ஒரு சிறப்பிதழ் போட்டார். சுகுமாரன் நெரூதாவின் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். யுவான் ருல்ஃபோவின் கதைகளும் 'பெட்ரோ பராமோ'வும் வந்துவிட்டன. 1967இல் புவனோஸ் ஐரிஸில் வெளியான 'தனிமையின் நூறு ஆண்டுகள்', ஞாலன் சுப்பிரமணியன், சுகுமாரன் மொழிபெயர்ப்பில் 2013இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. நாற்பத்தாறு ஆண்டு கழித்து வந்தாலும் வந்து சேர்ந்துவிட்டது.

வந்தது எங்கே என்பதுதான் சிக்கல். சிறுபத்திரிகைகள் சில நூறு பிரதிகள் அச்சாகும். வாங்குகிறவர் எழுதுகிறவராகவும் இருப்பார். அவர் வாசித்து, கடிதம் எழுதி, சண்டை போட்டு, அடுத்த இதழில் கதை எழுதுவார். அந்த வட்டத்துக்குள் லத்தீன் அமெரிக்கா நாற்பது வருஷமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தமிழ்ச் சிறுகதையின் போக்கையே அது கொஞ்சம் திருப்பியிருக்கிறது. ஆனால் தாம்பரம் மார்க்கெட்டில் கீரை விற்கிறவருக்கும் சானடோரியம் மெப்ஸ் வளாகத்தில் ஷிப்ட் முடிந்து திரும்புகிற பெண்ணுக்கும் அது வந்து சேரவில்லை. நூலக அலமாரியில் ஒரு பிரதி இருக்கலாம். அட்டையைத் திறந்தால், திருப்பித் தர வேண்டிய தேதி குத்தும் சீட்டில் இரண்டு முத்திரை இருக்கும். இரண்டும் ஒரே ஆளுடையதாகக்கூட இருக்கலாம்.

அலமாரியில் இருக்கும் புத்தகத்துக்கும் மனிதருக்கும் நடுவில் ஒரு குரல் வேண்டும். இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் கியூபாவின் சுருட்டுத் தொழிலாளிகளும் உண்டு.

1865இல் ஹவானாவின் எல் ஃபிகாரோ சுருட்டுத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் தொடங்கியது. கொட்டடியில் வரிசை வரிசையாக உட்கார்ந்து புகையிலை சுருட்டுகிறவர்களுக்கு, உயரமான மேடையில் அமர்ந்து ஒருவர் படித்துக் காட்டுவார். அவருக்கு 'லெக்டோர்', வாசிப்பவர், என்று பெயர். காலையில் செய்தித்தாள், பிறகு நாவல். சம்பளத்தை முதலாளி கொடுக்கவில்லை. தொழிலாளிகளே கூலியில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள். எந்த நாவலைப் படிப்பது என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். ஓராண்டுக்குள் ஸ்பானிய ஆளுநர் பயந்துபோய்த் தடை போட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவன் விக்தோர் ஹ்யூகோவைக் கேட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தடை நிற்கவில்லை. கூலிக்காரர்கள் விரும்பிக் கேட்ட 'மாண்ட்டி கிறிஸ்டோ பிரபு' நாவலின் பெயரில் இன்றும் ஒரு சுருட்டு விற்கிறது.

இது நமக்கு அந்நியமான சமாசாரமா? கண்ணூர் பீடிக் கொட்டடிகளில் ஒருவர் பத்திரிகை படிக்க, மற்றவர்கள் அவர் பங்கு பீடியையும் சேர்த்துச் சுற்றிக் கொடுத்தார்கள். நம் ஊர்த் தெருமுனைப் படிப்பகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் டீக்கடை பெஞ்சுகளிலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டுத்தான் ஒரு தலைமுறை அரசியல் கற்றது. ஒரே ஒரு 'திராவிட நாடு' இதழ் ஒரு தெருவுக்குப் போதுமாக இருந்தது. கதை கேட்பது நமக்கு இன்னும் பழைய பழக்கம். பாட்டி முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் பேய்க்கதையைச் சொன்ன விதத்தில்தான் தன் நாவலை எழுதியதாக மார்க்வெஸ் சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டி மார்க்வெஸின் ஊரான அரகாட்டக்காவில் மட்டுமா இருந்தார்? கி.ரா.வின் இடைசெவலில் இல்லையா? உங்கள் வீட்டில் இல்லையா?

அமெரிக்கப் பொது நூலகம் ஒன்றிலும் இதே கதை நடந்தது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த பூரா பெல்ப்ரே 1921இல் நியூயார்க் பொது நூலகத்தின் ஹார்லெம் கிளையில் வேலைக்குச் சேர்ந்தார். தன் ஊர்ப் பாட்டி சொன்ன கதைகளை அலமாரியில் தேடினார். ஒன்றுகூட இல்லை. புத்தகம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. மார்த்தினா என்ற கரப்பான்பூச்சிப் பெண்ணுக்கும் பெரெஸ் என்ற எலிக்கும் நடக்கும் கல்யாணக் கதையைத் தானே சொல்லத் தொடங்கினார், ஸ்பானிய மொழியில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை. பொம்மலாட்டம் ஆடினார். நூலகப் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஸ்பானிய மொழிக் குடும்பங்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தன. 1932இல்தான் அந்தக் கதை புத்தகமானது. குரல் முன்னே போய், புத்தகம் பின்னே வந்தது. இன்று அமெரிக்க நூலகங்களில் லத்தீன் அமெரிக்க மக்களுக்காக நடக்கும் கலை இலக்கிய நிகழ்ச்சிகளுக்கெல்லாம் இந்த அம்மாள்தான் முன்னோடி. 1996 முதல் அவர் பெயரில் சிறுவர் நூல்களுக்கு விருது கொடுக்கிறார்கள்.

'நாம் சாதாரணக் கிளை நூலகம், இதெல்லாம் கோட்டூர்புரத்துப் பெரிய நூலகத்தில் செய்யட்டும்' என்று சிலர் நினைக்கலாம். போர்ஹேஸ் 1938 முதல் 1946 வரை புவனோஸ் ஐரிஸின் ஒதுக்குப்புறத்தில் இருந்த ஒரு நகராட்சிக் கிளை நூலகத்தில்தான் சின்ன உத்தியோகம் பார்த்தார். பட்டியல் போடும் வேலை. வேலைக்குப் போகிற டிராமில்தான் தாந்தேயைப் படித்து முடித்தார். கடற்கரை ரயிலில் தாம்பரம் வந்து இறங்கும்வரை தலை நிமிராமல் படிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் போர்ஹேஸின் பங்காளிகள். உலகம் முழுவதையும் முடிவில்லாத ஒரு நூலகமாகக் கற்பனை செய்த அந்தக் கதை, 1941இல், கிளை நூலகத்து அலுப்பில்தான் பிறந்தது. பின்னால் அவர் அர்ஜென்டினாவின் தேசிய நூலக இயக்குநர் ஆனபோது கண்பார்வை ஏறத்தாழப் போய்விட்டிருந்தது. அப்போது அவருக்கும் படித்துக் காட்ட ஒருவர் வேண்டியிருந்தது.

நம் பக்கத்தில் 1931ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டில்தான் கடற்கரை-தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் சீ.இரா. அரங்கநாதன் நூலகத்துக்கான ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு, அவரைத் தேடிச் சேர்ப்பது நூலகத்தின் வேலை என்ற கருத்து அதில்தான் இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை இரட்டை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். ஏறத்தாழ எழுபது ஆண்டு கழித்து, கொலம்பியாவில் லூயிஸ் சொரியானோ என்ற பள்ளி ஆசிரியர் ஆல்ஃபா, பேத்தோ என்ற இரண்டு கழுதைகளின் முதுகில் புத்தகம் ஏற்றிக்கொண்டு மலைக் கிராமங்களுக்குப் போனார். மேலவாசல் வண்டியை அவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. தேவை ஒன்றாக இருந்தால் யோசனையும் ஒன்றாக இருக்கும்போல.

இன்னொரு உறவும் உண்டு. அர்ஜென்டினாவில் 1870இல் ஒரு சட்டம் வந்தது. ஊர்க்காரர்கள் சேர்ந்து சங்கம் வைத்து நூலகம் நடத்தினால், புத்தகம் வாங்க அரசு பணம் தரும். 'மக்கள் நூலகங்கள்' என்ற அந்த அமைப்பு இன்றும் நடக்கிறது. நமக்கு 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம். அதன்படிதான் நம் வீட்டுச் சொத்து வரி ரசீதில் நூலக வரி என்று பத்து விழுக்காடு தனியாகக் கட்டுகிறோம். 2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆன பிறகும் அந்த வரி நிற்கவில்லை. பணம் கொடுப்பது நாம்தான். அங்கே பணத்தை அரசு கொடுத்து நிகழ்ச்சியை ஊர் நடத்துகிறது. இங்கே பணத்தை ஊர் கொடுத்து நிகழ்ச்சிக்கு மேலிடத்துச் சுற்றறிக்கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். வாசகர் வட்டம் என்று ஒன்றை எதற்கு வைத்திருக்கிறோம்?

சரி, ஆறு ஞாயிறுக்கும் என் யோசனையைச் சொல்கிறேன். வெட்டலாம், ஒட்டலாம்.

முதல் மாதம் ருல்ஃபோ. அவர் எழுதியது கொஞ்சம்தான். புகழ் முழுவதும் 1953இல் வந்த ஒரு கதைத் தொகுப்பையும் 1955இல் வந்த ஒரு சிறு நாவலையும் நம்பி நிற்கிறது. அந்தத் தொகுப்பில் ஒரு கதை. மெக்சிகோவில் புரட்சி முடிந்து, உழவர்களுக்கு அரசு நிலம் ஒதுக்குகிறது. ஆற்றோரத்து நல்ல மண்ணைக் கேட்டவர்களுக்குக் கிடைப்பது மண்வெட்டி இறங்காத பொட்டல். நான்கு பேர் அந்த வெயிலில் நடக்கிறார்கள். ஒருவன் கோட்டுக்குள் ஒரு கோழியை அணைத்துக்கொண்டு வருகிறான். வீட்டில் யாரும் இல்லை, அதைத் தனியாக விட்டுவர மனமில்லை. கதை இவ்வளவுதான்.

இந்தக் கதையைப் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் படிக்க வேண்டும். அடையாற்றங்கரையில் இருந்து 2015 வெள்ளத்துக்குப் பின் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் இருக்கின்றன. வீடு கிடைத்தது, வேலை, பள்ளி, பஸ் எல்லாம் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. லாரியில் வரும்போது மடியில் எதை வைத்துக்கொண்டு வந்தீர்கள் என்று மட்டும் கதை முடிந்ததும் கேட்போம். பிறகு நாம் பேச வேண்டியிருக்காது.

இரண்டாம் மாதம் மார்க்வெஸ். மழைப் பகுதியைச் சொல்லிவிட்டேன். இன்னொரு பகுதி, ஊருக்கே தூக்கமின்மை நோய் வந்து ஞாபகம் அழிவது. பொருள்களின் பெயர் மறக்காமல் இருக்க, மேசை, நாற்காலி, கடிகாரம் என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி ஒட்டுகிறார்கள். பிறகு பசுவின் கழுத்தில் பெயரோடு பயனையும் எழுதித் தொங்கவிட வேண்டிய நிலை வருகிறது. நம் பகுதி ஏரிகளுக்கு எந்த அட்டையைத் தொங்கவிடலாம் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். சிட்லபாக்கத்திலும் செம்பாக்கத்திலும் பல்லாவரத்திலும் எழுத நிறைய இருக்கிறது.

மூன்றாம் மாதம் பிள்ளைகளுக்கு. வடகிழக்குப் பிரேசிலில் 'கோர்தெல்' என்று ஒரு வகை உண்டு. எட்டு, பதினாறு பக்கச் சிறு பாட்டுப் புத்தகம், அட்டையில் மரக்கட்டை அச்சுப் படம். கொலை, வெள்ளம், கொள்ளைக்காரன் வீரம், பிசாசை ஏமாற்றிய கிழவி என்று எதுவும் பொருள்தான். சந்தையில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, விற்கிறவரே பாடி விற்பார். கயிறு என்ற பொருளில்தான் அந்தப் பெயர். 2018இல் பிரேசில் அதைப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது.

நம் குஜிலி இலக்கியத்துக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. சென்னை குஜிலிக் கடைத் தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்களில் ரயில் விபத்துச் சிந்தும் கொலைச் சிந்தும் புயல் சிந்தும் நிறைந்திருந்தன. அவற்றையும் பாடித்தான் விற்றார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்ற பெயரில் அதை அருமையாக எழுதியிருக்கிறார். எட்டுப் பக்கமாக மடித்த ஒரு தாள், அட்டைப் படத்துக்கு உருளைக்கிழங்கைக் குடைந்து மை தொட்டு ஓர் அச்சு, கொடிக்கயிறு, துணி மாட்டும் கிளிப். ஓவியப் போட்டிக்குச் செலவழிப்பதில் கால்வாசி ஆகாது. உருளைக்கிழங்கும் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான் என்று போகிற போக்கில் சொல்லிவைக்கலாம்.

நான்காம் மாதம் நெரூதா. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நெரூதாவின் காதல் கவிதைகள் நம் கல்லூரி விடுதிகளில் நகலெடுத்துக் கைமாறியவை. கவியரங்கில் அவர் பெயரைச் சொன்னால் கைத்தட்டல் நிச்சயம். அவர் 1929இல் சிலி நாட்டுத் தூதரக அலுவலராகக் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தவர். இறந்த பின் 1974இல் வெளிவந்த அவர் தன்வரலாற்றில் ஒரு பக்கம் இருக்கிறது. தினமும் காலையில் அவர் வீட்டுக் கழிப்பறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்ணை ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதை அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பெண் சிலை போல இருந்தாள், கண்ணை மூடவே இல்லை, தன்னை வெறுத்தது சரிதான் என்றும் எழுதியிருக்கிறார். அவள் தமிழச்சி, ஒடுக்கப்பட்ட சாதி என்பதையும் அவரேதான் குறித்திருக்கிறார். பெயரை எழுதவில்லை. கேட்டிருக்கவே மாட்டார்.

2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கும் பேச்சு வந்தபோது, இந்தப் பக்கத்தைக் காட்டித்தான் சிலி நாட்டுப் பெண்கள் எதிர்த்தார்கள். இலங்கை இயக்குநர் அசோக ஹந்தகம 2021இல் இதை வைத்து 'அல்போராதா' என்ற படம் எடுத்தார். நம் பக்கத்தில் போதுமான அளவு பேசவில்லை என்பது என் வருத்தம்.

நெரூதாவை விலக்கிவிடுவோம் என்று நான் கேட்கவில்லை. கவிதையைப் படிக்கும் அதே மேசையில் அந்தப் பக்கத்தையும் படிப்போம். அதைப் படிக்கும்போது நம் தெருவில் குப்பை வாங்க வருகிற தூய்மைப் பணியாளர்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களைக் கூப்பிட நமக்குத் தயக்கமாக இருந்தால், அந்தத் தயக்கத்தைப் பற்றியும் அன்றைக்கே பேசிவிடலாம். உடன் படிக்க ஒரு புத்தகம் சொல்கிறேன். கரோலினா மரியா தெ ஜேசுஸ் என்ற பெண் சாவோ பாவ்லோ குடிசைப் பகுதியில் பழைய தாள் பொறுக்கிப் பிழைத்தவர். குப்பையில் கிடைத்த நோட்டுகளிலேயே நாட்குறிப்பு எழுதினார். 1960இல் அது புத்தகமாகி உலகம் சுற்றியது. வெள்ளவத்தைப் பெண்ணின் பக்கம் நமக்குக் கிடைக்கப் போவதில்லை. கரோலினாவின் பக்கங்கள் கிடைக்கின்றன. யாராவது ஆங்கில வழியாகப் படித்துவந்து தமிழில் சொல்லுங்கள்.

ஐந்தாம் மாதம் நாடகம். பிரேசில்காரர் அகுஸ்தோ போவால், பார்வையாளர் நாடகத்தை நடுவில் நிறுத்தி, 'இப்படிச் செய்திருந்தால்?' என்று மேடையேறி நடித்துக் காட்டும் முறையை வளர்த்தவர். 1993இல் ரியோ நகர மன்ற உறுப்பினராகி, தெருவில் நாடகம் போட்டு மக்கள் சொன்ன திருத்தங்களைச் சட்டமாக்கவும் செய்தார். நமக்கு வீதி நாடகம் புதிதல்ல. 1980இல் இதே தெற்குக் கரையில், சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பயிற்சி முகாமும் 1984இல் பிரளயன் தொடங்கிய சென்னைக் கலைக் குழுவும் விதைத்தது இங்கே நிறைய முளைத்திருக்கிறது. தாம்பரம் மாநகராட்சியில் எழுபது வார்டு. ஒரு வார்டின் ஒரே ஒரு பிரச்சினை, மழைநீர் வடிகாலோ தெருநாயோ, பத்து நிமிட நாடகமாகட்டும். கவுன்சிலரைச் சிறப்பு விருந்தினராக அழைக்க வேண்டாம்; பார்வையாளராக அழைப்போம்.

ஆறாம் மாதத்துக்கு ஒக்தாவியோ பாஸ் என்று முதலில் எழுதி வைத்திருந்தேன். 1962 முதல் 1968 வரை இந்தியாவில் மெக்சிகோவின் தூதராக இருந்தவர். மதுரையையும் உதகமண்டலத்தையும் கன்னியாகுமரியையும் வைத்துக் கவிதை எழுதியவர். தன் நாட்டு அரசு மாணவர்களைச் சுட்டுக் கொன்றதும் பதவியை விட்டு விலகியவர். பாஸை நீங்கள் முந்தைய ஒரு மாதத்தில் செருகிக்கொள்ளுங்கள். கடைசி ஞாயிறை வேறு ஒருவருக்குக் கொடுப்போம்.

பூரா பெல்ப்ரேயின் ஹார்லெம் நம் ஊரில் எங்கே இருக்கிறது? பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் கட்டடம் எழுப்புகிற இடங்களில் தகரக் கொட்டகைகள் இருக்கின்றனவே, அங்கே. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த குடும்பங்கள். அவர்கள் பிள்ளைகள் நூலக வாசலைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறார்கள். உள்ளே வரலாம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டோம். ஒடியாப் புத்தகம் நம் அலமாரியில் இல்லை. பெல்ப்ரேயின் அலமாரியிலும் அவர் தேடியது இருக்கவில்லை. ஆறாம் ஞாயிறு, அந்தத் தாய்மார்களில் ஒருவர் தன் ஊர்க் கதை ஒன்றை ஒடியாவில் சொல்லட்டும். இரண்டு வருஷம் தமிழ்ப் பள்ளியில் படித்த அவர் பிள்ளை அதைத் தமிழில் சொல்லட்டும். ஐந்து மாதம் கொலம்பியாவையும் மெக்சிகோவையும் கேட்டுப் பழகிய காது, அன்றைக்குத்தான் தேர்வு எழுதப் போகிறது.

நடைமுறைக்குச் சில வார்த்தைகள். வாசிப்பு நாற்பது நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் நாற்காலியை எடுக்க வேண்டாம். மொட்டை மாடியோ சைக்கிள் நிறுத்துமிடமோ போதும், விருப்பமிருந்தால் அவர்களே வருவார்கள். வாசிக்கிறவர் ஒருநாள் முன்னதாக வீட்டில் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு வர வேண்டும். மொழிபெயர்ப்பு வாக்கியம் நாக்கில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் அப்போதுதான் தெரியும். எழுத்தாளரின் பிறந்த ஆண்டு, நோபல் ஆண்டு என்று தொடங்கி நீளமாக அறிமுக உரை ஆற்றுவோரை அன்போடு உட்கார வைத்துவிடுங்கள். அகலத் தொப்பி, கிட்டார், கொடித் தோரணம் எதுவும் வேண்டாம். மைக் வேண்டாம். பொன்னாடை வேண்டவே வேண்டாம். அந்தப் பணத்தில் இன்னொரு பிரதி வாங்கலாம். சுக்குக் காபி மட்டும் இருக்கட்டும்.

பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகளின் நினைவும் எனக்கு வருகிறது. தனித்தமிழுக்காக வாழ்ந்தவர் வீடு நிறைய ஆங்கிலப் புத்தகங்களை வைத்துப் படித்தார். பிற மொழிச் சரக்கைப் படித்ததால் அவர் தமிழ் மெலியவில்லை. 'கொலம்பியாவா?' என்று கேட்ட பெரியவருக்கு இதையும் சொல்லிவைக்கிறேன். கூடவே, நம் நூலகத்து மேசை, அலமாரி, ஜன்னல், சாவி என்ற நான்கு சொல்லும் போர்த்துக்கீசியக் கப்பலில் வந்து இறங்கியவை. ஒரு பிரேசில்காரர் உள்ளே வந்தால் அந்த நான்கையும் நாம் சொல்லும்போதே அவருக்கு அரைகுறையாகப் புரியும். மீதியைப் படித்துக் காட்ட ஓர் ஆள் இருந்தால் போதும்.

கீரைக்கார அம்மா அதற்குப் பிறகு இரண்டு முறை நூலகத்துக்கு வந்தார். நான் இல்லாத நாட்கள். "அந்த மழைக் கதையில அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாராம். நூலகர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும் சார் என்று மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாராம். மக்கொந்தோவில் மழை விட்டதா என்று அவருக்கு இன்னும் தெரியாது.

விழா வாரத்து ஞாயிறுக்கு யார் வாசிக்கப் போகிறீர்கள் என்று அடுத்த கூட்டத்தில் கை தூக்குங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
சிட்லபாக்கம்